டிக்கியில் ஓர் அங்குலமும் குறையாமல்

என் கணவர் கிருபைராஜ் ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு நிறம். இரண்டே கதவு. உள்ளே போக உடம்பை மடக்க வேண்டும், வெளியே வர யாராவது கை கொடுக்க வேண்டும். நாகர்கோவில் டாக்டர் ஒருவர் பத்து வருடம் ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க் அதில் வந்து இறங்கினால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ‘ரேஸ் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் தடுக்கவில்லை. அதற்கு முந்தின வருடம்தான் தைராய்டு ஆபரேஷனில் அவருக்குக் குரல் போயிருந்தது. பேசுவார். ஆனால் காற்றுதான் வரும், சைக்கிள் டியூபில் பொத்தல் விழுந்த மாதிரி. “எனக்குத்தான் சத்தம் இல்லாமப் போச்சு. வண்டியாவது போடட்டும்ட்டி” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

குரல் போவது எல்லோருக்கும் ஒன்றல்ல. இவர் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபத்தெட்டு வருடம் பேஸ் பாடியவர். கடைசிப் படியில் நிற்கும் நான்கு ஆண்களின் அந்த அடிக்குரல் வரிசைக்கு அவர்தான் தலைவர். நான் கரோலின், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ. அவருக்கு நேர் முன்னால், ஒரு படி கீழே நிற்பேன். கல்யாணத்துக்கு முன்பே அவர் குரலைப் பிடரியில் வாங்கிப் பழகியவள்.

வண்டியால் எனக்கும் ஒரு லாபம் இருந்தது. நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். கல்யாணத்துக்கு மூன்றடுக்குக் கேக் என்றால் ஆட்டோக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வண்டிக்குக் குட்டைக் கார் என்று சொல்ல முடியாத ஆழத்தில் ஒரு டிக்கி. என் பெரிய கேக் பெட்டி, பக்கத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டு, அளவெடுத்த மாதிரி உட்காரும். அன்றிலிருந்து ஸ்டியரிங் அவருக்கு, டிக்கி எனக்கு.

போன ஆகஸ்டில் அவர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய எங்கள் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையை யாரோ பதிவு செய்து வைத்திருந்தார்களாம். காரில் போட்டுக் கேட்டோம். சோப்ரானோ கேட்டது, ஆல்டோ கேட்டது, டெனர் கொஞ்சம் கேட்டது. பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வீட்டு டிவியிலும் அப்படித்தான், போனிலும் அப்படித்தான்.

“சப்வூஃபர்னு அடிச்சத்தத்துக்குன்னே ஒரு ஸ்பீக்கர் இருக்கு, அத வச்சாக் கேக்கும்ட்டி. என் குரல் வேற எதுலயும் இல்ல. இதுல மட்டுந்தான் இருக்கு” என்றார்.

அது கேட்கவே கூடாது என்றிருந்தது எனக்கு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆராதனையின் கடைசிப் பாட்டு எங்கள் பாடகர் குழு மாஸ்டரே எழுதி நான்கு குரலுக்கும் பிரித்துக் கொடுத்தது. முடிவில் வரும் அல்லேலூயாவுக்கு முன் தாளத்தில் மூன்று தட்டு முழு அமைதி. மாஸ்டரின் கை மேலே நிற்கிறது. கோயிலில் ஓர் இருமல்கூட இல்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒற்றை ஆண்குரல் ‘அல்’ என்று முந்திக்கொண்டு வந்து, பாதியில் தன்னையே விழுங்கியது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் பேஸ் வரிசையை முறைத்தார். என் கணவர் பக்கத்தில் நின்ற ஜோஷுவாவைத் திரும்பிப் பார்த்தார். ஜோஷுவாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சேர்ந்து நாலு மாதம். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வழக்கு அங்கேயே முடிந்தது.

ஆராதனை முடிந்ததும் என் கணவர் அவனிடம், “லே, மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா ஒனக்கு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். முந்திரிக்கொட்டை ஜோஷுவா என்ற பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த வருடம் அவன் பாட வரவில்லை.

பாடியது ஜோஷுவா இல்லை. என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்த குரல் எனக்குத் தெரியாதா? என் கணவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். தான் தப்பாகப் பாடக்கூடும் என்பது அவர் மனதில் இடமே இல்லாத விஷயம். அவர் உண்மையாகவே ஜோஷுவா என்றுதான் நம்பினார். நான்தான் தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளைக்கு என்பது வருடங்களாயிற்று. பிறகு குரலே போய்விட்டது. குரல் போன மனிதரிடம் போய், உங்கள் குரல் அன்றைக்குத் தப்பாக வந்தது என்று எந்த வாயால் சொல்வேன்?

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். “என்ன வேணாலும் வைங்க. டிக்கியில ஒரு அங்குலம் குறையக் கூடாது. குறைஞ்சா என் தொழில் போச்சு.” சப்வூஃபர் என்றால் டிக்கியை அடைக்கும் பெட்டி என்றுதான் எல்லா வண்டியிலும் பார்த்திருக்கிறேன். நடக்காது என்ற தைரியம்.

மேலப்பாளையத்தில் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் முஹ்சினிடம் போனோம். முப்பது வயதிருக்கும். நிபந்தனையைக் கேட்டதும் சிரித்தான்.

“இடியும் வேணும், இடமும் வேணும்னா எப்படிக்கா? சீட்டுக்கு அடியில வைக்கலாம்னா இந்த வண்டியில சீட்டே தரையிலதான் கெடக்கு. கை நுழையாது.”

“அப்ப விட்டுருவோம் தம்பி” என்றேன், கொஞ்சம் அவசரமாகவே.

அவன் விடவில்லை. டிக்கிக்குள் தலையை விட்டு, பக்கவாட்டு அட்டையை விரலால் தட்டிக்கொண்டே போனான். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஓரிடத்தில் பொள்ளென்று சத்தம் கேட்டது. அட்டையைக் கழற்றினான். உள்ளே ஒரு பள்ளம், ஜாக்கியும் ஒரு பழைய துணியும் மட்டும்.

“இந்தா இருக்குலா இடம்! ஜாக்கியை ஸ்டெப்னிக்கு நடுவுல படுக்க வச்சிருதேன். இந்தப் பள்ளத்துக்குள்ள ஃபைபர்ல அச்சு எடுத்து, அதுலயே பெட்டி செஞ்சிரலாம். உவரியில படகுக்குப் போடுவாங்கள்லா, அதே ஃபைபர்தான். மேல பழைய அட்டையையே மூடிட்டா உள்ள சப்வூஃபர் இருக்குன்னு உங்களுக்கே தெரியாது.”

என் கணவர் என்னைப் பார்த்தார். ரிசல்ட் பார்க்கப் போகிற பையன் முகம். நான் என்ன செய்ய? சரி என்று தலையாட்டினேன்.

நான்கு நாள் வேலை. பள்ளத்தில் டேப் ஒட்டி, ஃபைபர் துணியைப் பரப்பி, பிசின் தடவி, காயவிட்டு, மறுபடி தடவினான். அந்த நாற்றம் ஒரு வாரம் வண்டியை விட்டுப் போகவில்லை. இவர் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். முஹ்சின் டீ வாங்கித் தருவானாம்.

சனிக்கிழமை மத்தியானம் என்னை வரச் சொன்னார்கள். சாட்சிக்கு என் பெரிய கேக் பெட்டியையும் கொண்டுபோனேன். டிக்கிக்குள் வைத்தேன். பக்கத்துக்கு இரண்டு விரல் இடம். அப்படியே இருந்தது. என் நிபந்தனையை வைத்தே என்னைத் தோற்கடித்துவிட்டான்.

“பாத்துக்கிடுங்கக்கா, ஒரு நூல் குறைஞ்சிருக்கா?” என்று ஒரு சினிமாப் பாட்டைப் போட்டான். சீட் அதிர்ந்தது, என் கண்ணாடி மூக்கில் இறங்கியது, கடை ஷட்டர் கிடுகிடுத்தது. இவர் வாய்விட்டுச் சிரித்தார். காற்றாக வந்தாலும் சிரிப்பு சிரிப்புதானே. பிறகு பென் டிரைவைச் செருகினார்.

நான் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு தொடங்கியது. ஆர்கனின் அடிச்சத்தம் இப்போது நன்றாக வந்தது. யாரோ மரப்படியில் கால் மாற்றி வைத்தது தொம்மென்று கேட்டது. மற்றபடி எல்லாம் பழையபடி. பேஸ் இல்லை. அந்த மூன்று தட்டு அமைதியும் வெறும் அமைதியாகவே கடந்து போயிற்று.

தப்பித்தோம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நான் அதுல இல்லட்டி. இருபத்தெட்டு வருசமும் சும்மா வாயத்தான் அசைச்சிருக்கேன் போல.”

முஹ்சின் சங்கடமாக, “ரெக்கார்டிங் சரியில்லாம இருக்கும் சார்” என்றான். இவர் வண்டியை அணைக்கக் கையை நீட்டினார். எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழ் இருக்கிறது, அதில் வைத்த எண்ணுக்குக் கீழே உள்ள அடிச்சுருதிச் சத்தத்தை மட்டும்தான் சப்வூஃபருக்கு விடும் என்று முஹ்சின் முன்னமே சொல்லியிருந்தான். எண்பதில் வைத்திருந்தான். மனிதக் குரல் அதற்கு மேல்தான் தொடங்கும், எவ்வளவு பெரிய பேஸாக இருந்தாலும். இருபது வருடம் பாடியவளுக்கு இதுகூடத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், என் ரகசியம் என்னோடு போய்விடும். இவரும் தான் எங்கேயும் இல்லை என்று நம்பிக்கொண்டே மிச்ச நாளைக் கழித்துவிடுவார்.

“தம்பி, அந்தக் குமிழை நூத்தம்பதுக்குத் திருப்பு” என்றேன்.

“இடி மந்தமாயிரும்க்கா.”

“இடி யாருக்கு வேணும்? திருப்பு நீ.”

திருப்பினான். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது. இரண்டாவது வரியில் வந்தார்கள். நான்கு ஆண்கள். முதுகுக்குப் பின்னால், சரியாக ஒரு படி மேலே நிற்பது போல. எனக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது. இவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இதுல எது நான்னு தெரியலட்டி. நாலு பேரும் ஒண்ணா இருக்கோம்” என்றார்.

“பொறுங்க” என்றேன். “தெரியும்.”

அமைதி வந்தது. ஒரு தட்டு. இரண்டு. ‘அல்’ என்றது குரல். தனியாக, ஆர்கன் இல்லாமல், வேறு ஆள் இல்லாமல், தெள்ளத் தெளிவாக.

அவர் கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு நிறுத்திவிட்டார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. முஹ்சின் டீ வாங்கப் போகிறேன் என்று மெல்ல நழுவிவிட்டான்.

இவர் போனை எடுத்தார். ஜோஷுவா இப்போது கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஸ்பீக்கரில் போட்டார்.

“யாரு?” என்றான் ஜோஷுவா.

“கிருபைராஜ்.”

“சத்தமா சொல்லுங்க. யாருன்னு தெரியலையே.”

போனை வாங்கி நான் பேசலாம் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. இருக்கிற காற்றையெல்லாம் சேர்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“லே, அன்னைக்கு அல்லேலூயால முந்துனது நீ இல்லலே. நான்தாம்லே.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தத்தை விட்டு அவன் தள்ளி வருவது கேட்டது.

“அண்ணாச்சியா!” என்றான் ஜோஷுவா. “அண்ணாச்சி, எப்படி இருக்கிய? ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன், வரணும்னு நெனச்சேன்...”

“என்ன மன்னிச்சிருலே. எல்லாரு முன்னாலயும் ஒன்னக் கேவலப்படுத்திட்டேன்.”

“அதை விடுங்க அண்ணாச்சி. பக்கத்துலதான நின்னேன், எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க வேணும்னு சொல்லலன்னும் தெரியும்.” கொஞ்சம் நிறுத்தி, சிரித்துக்கொண்டே சொன்னான்: “கரோலின் அக்காவுக்கும் தெரியும்லா. அவங்க அன்னைக்குத் திரும்பி உங்களத்தான பாத்தாங்க.”

அடப்பாவி.

இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்த வண்டியில் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் கிடையாது. டிக்கியில் கேக் பெட்டி.

“பன்னெண்டு வருசமாட்டி?” என்றார். “ஏன் சொல்லல?”

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்: “முந்தி வந்தாலும் சுருதி சுத்தமா இருந்துச்சுங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஜோஷுவா, வைக்காதலே. லைன்லயே இருந்து நம்ம பாட்டக் கேளு” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்.