முனை மழுங்கிய வீடு

மப்ரூக்கா கையை உயர்த்தியதும் ரீம் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். இறந்துபோன அம்மாவை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட வந்தவள் மப்ரூக்கா. அம்மாவின் இடது புஜத்தில் நான்கு விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன.

"யாரு?"

"அப்பா. நேத்து அம்மா சரிஞ்சு விழுந்தாங்க. அவர்தான் பிடிச்சாரு."

மப்ரூக்கா அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள். அங்கே பழைய நீலம், மஞ்சளாகியிருந்தது.

"முப்பது வருஷமா குளிப்பாட்டறேன், மகளே. 'விழுந்துட்டாங்க, கதவு இடிச்சிருச்சு.' எல்லாப் பொண்ணுங்களும் இதேதான் சொல்லுதுங்க."

ரீம் நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று புடைத்திருந்தது. ஏழு மாதத்துக்கு முன் தொடை வழியாக ஒரு நுண்ணிய கம்பிவலைக் குழலை ஏற்றி, ரத்தம் புடைப்புக்குள் போகாமல் நேரே ஓட வழி செய்தார்கள். புடைப்பு தானாக வற்ற வேண்டும். ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை வலையில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதனால் தொட்டாலே கன்றிவிடும். நேற்று மாலை புடைப்பு உடைந்துவிட்டது.

"மாத்திரைக்கு நாலு விரல் இருக்குமா?"

ரீம் மறுபடி தண்ணீர் மொண்டாள்.

"இங்க பார்த்தது இங்கயே. வெளிய மூச்சு விட மாட்டேன். ஆனா முகம் பார்க்கறேன்னு அந்த ஆளு உள்ள வர வேண்டாம்."

அப்பா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். பெரிய கைகளைத் தொடைகளுக்கிடையே செருகியிருந்தார். மப்ரூக்கா யாரிடமும் சொல்லமாட்டாள். ரீமுக்கு அதுதான் பயமாக இருந்தது. சொல்லாததை மறுக்க முடியாது.

வெந்நீர் தீர்ந்தது. மப்ரூக்கா வாளியோடு சமையலறைக்குப் போனாள். ரீம் பின்னால் போனாள்.

மேசை முனையில் மப்ரூக்காவின் இடுப்பு மோதியது. வலிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். படகில் அணியும் பழைய ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை வெட்டி, மீன்வலை நூலால் முனையில் வைத்துக் கட்டியிருந்தது. நான்கு முனைகளிலும். குழாயிலும், அலமாரிக் கைப்பிடியிலும் அதே ஆரஞ்சு.

"இதெல்லாம் என்ன?"

"அப்பா செஞ்சது. அம்மா இடிச்சுக்கக் கூடாதுன்னு. வீட்டையே படகாக்கிட்டாரு, மூழ்கினாலும் மிதப்போம்னு அம்மா சிரிப்பாங்க."

மப்ரூக்கா முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அமுங்கி எழுந்தது.

திரும்பி வந்ததும், குளிப்பாட்டக் கையில் சுற்றியிருந்த முரட்டுத் துணியை அவிழ்த்து வைத்தாள்.

"மெதுவா ஊத்து" என்றாள். நீலத் தடத்தை வெறும் உள்ளங்கையால் கழுவினாள்.

அடக்கத்துக்கான கஃபன் துணி சுற்றியாயிற்று. முகம் மட்டும் திறந்திருந்தது.

"உங்கப்பாவை வரச் சொல்லு."

அப்பா வந்தார். நீட்டிய கை பாதியில் நின்றது. விரல்களை மடக்கிக்கொண்டார். ஏழு மாதப் பழக்கம். புறங்கையால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டார்.