பூஜ்யத்துக்குக் கீழே

"மைனஸ்னா?" என்று கேட்ட நாகராசுவின் வாயில் பற்பசை நுரை அப்படியே நின்றது.

புதுக்கோட்டையிலிருந்து புரோக்கர் சந்தோஷ் போன் ஸ்பீக்கரில் பேசினான். "கச்சா எண்ணெ ஒரு பீப்பா மைனஸ் ரெண்டாயிரத்து எண்ணூத்தி எம்பத்தி நாலுண்ணே. ஒங்க லாட்டு நூறு பீப்பா. வாங்குன வெலையும் சேத்து நட்டம் மூணு லட்சத்து எம்பத்தஞ்சாயிரம் வருது."

கோட்டைப்பட்டினத்தில் மீன் வாங்கி விற்பவர் நாகராசு. கொரோனா ஊரடங்கில் வியாபாரம் படுத்துவிட, கைபேசியிலேயே கச்சா எண்ணெயை வாங்கி விற்கும் இந்தச் சந்தை விளையாட்டில் இறங்கினார். திங்கட்கிழமை மாலை விலை ஆயிரத்துக்குக் கீழே வந்ததும், கெடு முடியப்போகிற ஏப்ரல் கான்ட்ராக்டில் ஒரு லாட் வாங்கிப் போட்டார். எவ்வளவு விழுந்தாலும் பூஜ்யத்தோடு நின்றுவிடும், மிஞ்சிப் போனால் ஒரு லட்சம் நட்டம் என்று கணக்கு. பெரிய கணக்குப் புலி!

"எண்ணெயும் குடுத்து எவன்டா காசும் குடுப்பான்? வெளயாடுறியா?"

"அமெரிக்காவுல கெடு முடியுதுண்ணே. கான்ட்ராக்டு காயிதம் வச்சிருக்கவன் நெசமான எண்ணெய எறக்கியாகணும். எறக்க டாங்கு இல்ல, எல்லாம் ரொம்பிக் கெடக்கு. ஆள விட்டாப் போதும்னு காசு குடுத்துத் தள்ளி விட்டிருக்கானுங்க. அங்கிட்டு முடிஞ்ச வெலதான் நமக்கும். நாளைக்குள்ள கட்டிருங்க."

குழாயடியில் குடத்தோடு நின்ற மனைவி சுகுணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஊரடங்கு போட்ட மறுநா ஐஸ் இல்லாம நம்ம சூடை மீனு நாப்பது பெட்டி நாறுச்சே. அள்ளிக்கிட்டுப் போய்ப் பொதைக்க ஜேசிபிக்காரனுக்கு ரெண்டாயிரம் குடுத்தது யாரு?"

குழிக்குப் பக்கத்தில் நின்று, பேரம் பேசி, காசை எண்ணிக் கொடுத்தது நாகராசுதான். கரையில் மீனை வைக்க இடமில்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்த மனுஷன், எண்ணெய்க்கு மட்டும் அது நடக்காது என்று எப்படி நம்பினார்? அவருக்கே விளங்கவில்லை. நுரையைத் துப்பவும் தோன்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவு பணத்துக்கு அந்த வீட்டில் விற்க இருந்தது ஒன்றுதான். சுகுணாவின் நகையைப் போட்டு வாங்கிய மீன் வண்டி.

சுகுணா குடத்தை வைத்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்தாள். தராசை எடுத்து வெளியே வைத்தாள். தார்ப்பாயை மடித்து வைத்தாள். பிறகு முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மகள் பெயரை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். வெயிலில் இறுகிப்போயிருந்த ஸ்டிக்கர் லேசில் வரவில்லை.