இடுக்கில்லாத வீடு

லொரேன் ஈரப் பஞ்சால் கணவரின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பண்ணை ஓபல் வந்துவிட்டாள். இரண்டு கையிலும் சூடான கண்ணாடிப் பாத்திரம். கதவை இடுப்பால் தள்ளித் திறந்து, அதை முதுகால் தாங்கியபடியே நின்றாள். டென்னசியின் ஆகஸ்ட் வெயில் அவளுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது.

"கோழியும் சாதமும், மிஸ் லொரேன். எங்க வைக்கட்டும்?"

வைக்க இடமில்லை. சமையல் மேடை நிறைந்து, சுவரோரப் பலகை இருக்கை மேலும் பாத்திரங்கள் ஏறியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டிய காகிதப் பட்டை. தேவாலயத்துப் பெண்கள் மூன்று நாளாகக் கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு தட்டு, இரண்டு நாற்காலி என்று எல்டன் கணக்குப் போட்டுக் கட்டிய வீடு அது. வாசலில் நின்றால் அவர் படுத்திருந்த கட்டில் தெரியும்.

எல்டன் கண்ணைத் திறந்தார். நேற்றிலிருந்து திறக்காத கண். லொரேன் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"கதவச் சாத்து" என்றார்.

"ஐயையோ, மன்னிச்சுக்கோங்க மிஸ்டர் எல்டன்!" ஓபல் பதறி உள்ளே வந்து கதவைக் காலால் உதைத்துச் சாத்தினாள்.

"சாத்தியாச்சு, எல்டன்" என்றாள் லொரேன்.

அவர் ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வர நேரமானது. அதற்கடுத்ததற்காக லொரேன் காத்திருந்தாள். சுவரில் பதித்திருந்த குளிர்காற்று இயந்திரம் மட்டும் காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓபல் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"ஜன்னலத் திறக்கணும், கண்ணு."

"எதுக்கு?"

"இங்க அப்படித்தான் செய்வோம். போறவங்களுக்கு ஒரு வழி வேணும்ல?"

"இது திறக்காது."

"பூட்டியிருக்கா?"

"பூட்டே கிடையாது. திறக்கிற ஜன்னல்னா காத்து கசியும்னு, கண்ணாடிய அப்படியே வச்சு ஒட்டிட்டார்."

ஓபல் மூன்றடுக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். "அடக் கடவுளே. ஊறுகாய் பாட்டிலுக்குக்கூட மூடி திறக்குமே" என்றவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். லொரேனுக்குக் கோபம் வரவில்லை. எல்டனிடம் சொன்னால் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஒஹாயோவில் முப்பது வருஷம் மற்றவர்களின் வீட்டுக் கொதிகலன்களைப் பழுது பார்த்தவர் அவர். ஆளில்லாத அறைகளைச் சூடாக்க மனிதர்கள் எரிக்கிற எரிவாயுவைப் பார்த்து வயிறெரிந்தவர். ஓய்வு பெற்றதும் டொலீடோவில் இருந்த பெரிய வீட்டை விற்று, இந்த மலைச்சரிவில் நிலம் வாங்கினார். வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்த நாளில் மகள் ஜனீனும் இருந்தாள்.

"இதுல நான் எங்கப்பா?"

"வருஷத்துல நாலு நாள் வர்றவளுக்கு வருஷம் பூரா ஒரு ரூமக் குளிர வைக்கணுமா?" என்று சிரித்தார். பிறகு பலகை இருக்கையைக் காட்டினார். "இத இழுத்தா கட்டில்."

ஜனீன் சிரிக்கவில்லை. ஒரே ஒரு முறை வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் தங்கிவிட்டு, மறுநாளே திரும்பினாள். ஆறு வருஷமாக அந்தக் கட்டிலை யாரும் இழுக்கவில்லை. இன்று காலையில் கென்டக்கியைத் தாண்டும்போது போனில் கூப்பிட்டு, "வந்துட்டே இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லு" என்றிருந்தாள். லொரேன் சொன்னாள். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மருத்துவத் தாதி வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போனாள். உடலை எடுத்துப்போகச் சொல்லி அடக்க நிலையத்துக்கு ஓபல்தான் போன் செய்தாள்.

"டக்கர், அத்தை பேசறேன். ஆமாடா, போயிட்டார். ஆனா நீ பறந்துட்டு வந்து நிக்காத. மக வழியில இருக்கா, அப்பா மூஞ்சிய அவ பாக்கணும். டயருக்குக் காத்தடி, கண்ணாடியத் துடை, ஏதாவது பண்ணிட்டு மெதுவா வா."

ஜனீனுக்கு வழிகாட்ட ஓபல் சாலை முனைக்குப் போனதும் லொரேன் இழுப்பறையைத் திறந்தாள். ஊதுபத்திக் கட்டு இருந்தது. காற்றடிக்கிற நாட்களில் எல்டன் ஒரு பத்தியைக் கொளுத்திக்கொண்டு மூலை மூலையாக அலைவார். புகை கொஞ்சம் ஆடினால் போதும், "மாட்டிக்கிச்சு!" என்று கத்தி அங்கே பசையைப் பீய்ச்சுவார்.

அவள் ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பில் பிடித்தாள். கீழ் மூலையிலிருந்து மேல் மூலை வரை மெதுவாகக் கொண்டுபோனாள். புகை நேராக மேலே போனது. எங்கேயும் ஆடவில்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்க" என்றாள் அவரிடம். பத்தியை ஜன்னலருகே மாத்திரைக் குப்பியில் நிறுத்திவைத்தாள்.

கார் வந்தது. ஜனீன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே வந்து நின்றாள். அப்பாவின் கையை எடுத்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"எப்பம்மா?"

"மத்தியானம்."

"ஏதாவது சொன்னாரா?"

இந்தக் கேள்விக்கு லொரேன் அவர் போனதிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். 'ஜனீன் வந்தாச்சான்னு கேட்டார்' என்று சொல்லிவிடலாம். கதவருகே ஓபல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதைச் சொன்னாலும் ஆமாம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தது அவள் முகம்.

"கதவச் சாத்துன்னார்."

ஜனீன் அம்மாவையே பார்த்தாள். ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. பாதியில் அது வேறாகி, அவள் வாயை மணிக்கட்டால் அழுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டக்கரும் இன்னொருவனும் வந்தார்கள். தள்ளுகட்டில் சமையல் மேடைக்கும் படுக்கைக்கும் நடுவே திரும்பவில்லை. இரண்டு முறை முயன்றுவிட்டு, "மன்னிக்கணும் மேடம், தூக்கித்தான் போகணும்" என்றான் டக்கர். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை அடைகொடுத்துவிட்டு, போர்வையோடு கையில் ஏந்திக்கொண்டு போனார்கள். எல்டன் அவ்வளவு எடைகூட இல்லை.

வண்டி சாலையில் இறங்கியது. எதிரே வந்த வைக்கோல் லாரி ஓரங்கட்டி நின்றது. ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா அவர்? அப்பாவத் தெரியுமா?"

"தெரியாது. சாவு வண்டி போனா இங்க எல்லாருமே நிப்பாங்க."

ஓபலும் போனபிறகு வீட்டுக்குள் வெக்கை ஏறியது. காற்று இயந்திரம் திணறி உறுமத் தொடங்கியது.

"விடுதியில ரூம் சொல்லியிருக்கேன்" என்றாள் ஜனீன்.

லொரேன் பலகை இருக்கை மேலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தாள். ஜனீன் எழுந்து கதவருகே போனாள். சாத்தப் போகிறாள் என்று லொரேன் நினைத்தாள். அவளோ கல்லைக் காலால் இன்னும் உள்ளே அழுத்தித் தள்ளினாள்.

ஜன்னலருகே பத்தி அணையும் தறுவாயில் இருந்தது. புகை நேராக நிற்கவில்லை. கட்டிலைத் தாண்டி, மேடையைத் தாண்டி, வாசலை நோக்கிச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.