அண்ணாந்தால் சுற்றும் அறை

பெயிண்டர் குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. ‘இன்னொரு தடவை தொட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்’ என்று மனைவி சொன்னதிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் இன்றைக்கு மேல்தளத்துக்கு வெள்ளை அடிக்க ஏணியேறி அண்ணாந்தாரோ இல்லையோ, அறை பம்பரமாகிவிட்டது. குனிந்தால் நின்றது. அண்ணாந்தால் மறுபடியும் சுற்றியது.

“மாமா, என்ன கோடு இது? பாம்பு போன தடம் மாதிரி இருக்கு!” என்று கீழேயிருந்து சிரித்தான் கூட வேலை செய்யும் மச்சினன்.

சுவரும் மேல்தளமும் சேரும் மூலை இரண்டாகத் தெரிந்தால் பாவம், அவர் என்ன செய்வார்? எதை நம்புவதென்று தெரியாமல் நடுவில் இழுத்திருந்தார். ஏணியைக் கட்டிப்பிடித்து இறங்கி, ‘ஒண்ணுமில்லடா’ என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கு தடித்து என்னவோ உளறலாக வந்தது.

மச்சினன் சிரிப்பு நின்றது. “எங்க, ஊதுங்க.”

ஊதினார். அறை முழுக்கக் கதவுக்கு அடித்த பெயிண்டின் தின்னர் நெடி. அதில் எந்த வாசனையைப் பிரித்து எடுப்பது? “அக்கா, உன் வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பிச்சுட்டாரு, வா” என்று போனில் சொல்லிவிட்டான்.

பெயிண்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் குடித்த டீயில் யாராவது எதையாவது கலந்திருப்பார்களோ?

தையல் நாடா கழுத்தில் தொங்க, ஓடி வந்தாள் மனைவி. “நடங்க பார்ப்போம்.”

நடந்தார். இடப்பக்கம் சாய்ந்தார். நிமிர்த்தி விட்டாள். மறுபடியும் இடப்பக்கமே.

“இவர் குடிச்சா எல்லாப் பக்கமும்தானேடா விழுவாரு?” என்று தம்பியைப் பார்த்தாள். “பாட்டு வேற பாடுவாரு. இப்படி முழிக்க மாட்டாரு. வண்டியக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “கழுத்து வழியா மூளையோட பின்பக்கத்துக்குப் போற ரத்தக் குழாய் ரெண்டுல ஒண்ணு அடைச்சிருக்கு, இன்னொண்ணு சுருங்கியிருக்கு. அண்ணாந்தா ரத்தம் இன்னும் குறையும். உடனே அட்மிட் பண்ணணும். இனிமே ஏணி கிடையாது.”

“அப்ப... குடி இல்லியே?” என்று குழறினார் பெயிண்டர்.

“இல்லைங்க.”

ஜெயித்துவிட்டவர் போல மனைவியைப் பார்த்தார். அவளோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினாள். “குடிச்சிருக்கக் கூடாதா நீங்க? திட்டியாவது சரி பண்ணியிருப்பேனே!”

ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு இதுதானா பேச்சு? பெயிண்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அவள் கை மட்டும் அவர் கையை விடவேயில்லை.