பூஜ்யத்தைக் கத்தரித்தவள்

பித்தப்பைக் கல்லை எடுக்க அக்காவை அழைத்துப்போகும் நேரத்தில், டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பிளேட்லெட் பதினெட்டாயிரம்தான் இருக்கு. கத்தி வச்சா ரத்தம் நிக்காது. ஆபரேஷன் இப்ப வேண்டாம். என்ன வியாதின்னு முதல்ல பார்க்கணும்."

அக்கா வீட்டுக்காரர் பேயறைந்தவர்போல் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா மட்டும் கட்டிலில் சம்மணமிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து பட்டினி போட்டுட்டு இப்ப வேண்டாமாம்! நீ எதுக்குடி அழற? உங்க கம்பெனி சாப்ட்வேர்தானே இது? ஒழுங்கா காட்டச் சொல்லு!"

உண்மைதான். அதில் எண்களைப் படிக்க எளிதாகக் காட்டும் பகுதி என் கைவேலை. 6.50 என்று வந்தால் கடைசிப் பூஜ்யம் எதற்கு, 6.5 போதுமே என்று கத்தரித்துவிடும். நேற்றுதான் எழுதி அனுப்பினேன், இன்று காலை இங்கே ஏற்றியிருந்தார்கள். பெரிய சாதனை என்று நானே முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பிளேட்லெட் 18 ஆயிரம். அதற்குக் கீழே, சர்க்கரை 9.

ஒன்பதா? சர்க்கரை ஒன்பதுக்கு இறங்கியவள் நினைவில்லாமல் கிடப்பாள். இவளோ என்னை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கிறாள்! தசமப் புள்ளி இருந்தால் மட்டும் பூஜ்யத்தைக் கத்தரி என்று எழுத மறந்திருக்கிறேன். தொண்ணூறுதான் ஒன்பதாகியிருக்கிறது.

"டாக்டர், லேப் மெஷின் அடிச்ச சீட்டைப் பாருங்க. தப்பு திரையிலதான். அதை எழுதினது நான்."

சீட்டு வந்தது. 180 ஆயிரம். சர்க்கரை 90. அப்பாடா! டாக்டர் முறைத்த முறைப்பை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு போன் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரித் திரைகள் எல்லாவற்றிலும் பழைய பதிப்பு திரும்ப ஏறியது. லேப்காரர் காலையில் போன அறிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, "யாருக்கும் மருந்து மாறலை" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மாலையில், ஆபரேஷன் முடிந்து அக்கா கண் விழித்தாள்.

"வலி எவ்வளவு இருக்கு? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

"பத்து!"

நர்ஸ் தட்டினார். திரையில் 10 விழுந்தது. காலையில் என்றால் 1 என்று விழுந்திருக்கும், ஒரு மாத்திரைகூடக் கிடைத்திருக்காது. வலி ஊசி உடனே வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"வலி பத்துங்கறேன், பல்லைக் காட்டறா பாரு" என்றாள் அக்கா.