தரை சரியில்லை

வீட்டில் குருவி என்று கூப்பிடப்படும் அந்தப் பெண்ணுக்குக் காலையிலிருந்தே போவதா வேண்டாமா என்று ஒரே யோசனை. இனி வண்டி ஓட்டுகிற அளவுக்குப் பெரியப்பாவுக்குப் பார்வை இல்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பெரியப்பாதான் புது கார் வாங்க அவளைத் துணைக்கு அழைத்திருந்தார். போனால், நாளை அவர் எதிலாவது மோதினால் பாதிப் பாவம் இவள் தலையில். போகாவிட்டால், தனியாகப் போய் எதையாவது வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

பெரியம்மாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"போயிட்டு வாடி. என்ன வாங்கணும்னு அவருக்குத் தெரியும்," என்றாள் பெரியம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. அவளும் எங்கோ அவசரமாகக் கிளம்பினாள்.

காட்சியறையில் விற்பனையாளர் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார். பெரியப்பா காரைச் சுற்றிப் போய் மறுபக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"நீ ஓட்டு குருவி."

குருவிக்குப் பாதி உயிர் வந்தது, மீதி குழம்பியது. விற்பனையாளர் பின்னால் ஏறிக்கொள்ள, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். முதல் திருப்பத்தில் ஒரு பேருந்து குறுக்கே வர, பெரியப்பாவின் கால் காரின் தரையைத் தொம்மென்று மிதித்தது.

"இது வேணாம். வேற காட்டுங்க."

"ஏன் சார், பிக்கப் பத்தலையா?"

"அதுக்கென்ன, குதிரை மாதிரி போகுது."

"மைலேஜ்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு. தரைதான் சரியில்ல."

விற்பனையாளர் குனிந்து தரையைப் பார்த்தார். குருவியும் பார்த்தாள். எந்தக் காரில் எத்தனை காற்றுப்பை என்பதுவரை படித்து வந்திருந்தாள். தரையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. தான்தான் எதையோ தவறவிட்டோம் என்று தோன்றியது.

அடுத்த காரிலும் அதே தொம். அதற்கடுத்ததிலும். விற்பனையாளர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் கேட்டே விட்டாள்.

"பெரியப்பா, மறைக்காம சொல்லுங்க. இதை யார் ஓட்டப் போறது?"

"உங்க பெரியம்மா."

"சைக்கிள் பின்னாடி உட்காரவே பயப்படுவாங்களே."

"இப்பவும் கிளாஸுக்குத்தான் போயிருக்கா. தேறலன்னா நீங்கள்லாம் சிரிப்பீங்களாம், அதான் யாருக்கும் சொல்லல." அவர் குரலைத் தாழ்த்தினார். "பழைய வண்டியில பழகிப் பார்த்தோம். அவ பிரேக் போடறதுக்குள்ள என் கால் தரையில போட்டுடுது. அந்தச் சத்தத்துல பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடிக்கிறா. 'இன்னொரு தடவை மிதிச்சீங்கன்னா நான் கார்ல போறேன், நீங்க பஸ்ல வாங்க'ன்னுட்டா."

"மிதிக்காம இருங்களேன்."

"நானா மிதிக்கிறேன்? கால் மிதிக்குது. இத்தனை வருஷம் அவ என் பக்கத்துல உட்கார்ந்து வந்தா, ஒரு நாள் மிதிச்சதில்ல. என்னால முடியல, பாரேன்."

குருவிக்கு விஷயம் புரிந்தது. விடைதான் தெரியவில்லை. காலுக்கு ஏற்ற கார் என்று எங்கே போய்த் தேடுவது?

அறையின் மூலையில் யாரும் சீண்டாத ஒரு கார் இருந்தது. பார்க்கப் பெட்டி மாதிரி. ஆனால் இருக்கை அகலம். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பந்தியில் உட்காருவதுபோல் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மேலே பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார். தண்ணீர் குடித்துவிட்டு வந்த விற்பனையாளரும் பின்னால் ஏறினார்.

"கிளம்பு."

திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் புகுந்தார். குருவி பிரேக் போட்டாள். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். கால்கள் மடிந்தபடியே இருந்தன. கை மட்டும் மேலேயிருந்த கைப்பிடியைக் குரங்குப்பிடியாகப் பிடித்திருந்தது.

"பெரியப்பா, கை?"

"அதுக்குச் சத்தம் கிடையாதே."

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிப் பெரியம்மாவுக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு. இனிமே பஸ் கிடையாது."

"சரி. என்ன கலர்?" என்றாள் பெரியம்மா.

கலரைக் கவனிக்காத பெரியப்பா குருவியைப் பார்த்தார். குருவி பின்னால் இருந்த விற்பனையாளரைப் பார்த்தாள். அவரோ மடித்து வைத்த அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.