சோம்பேறித் தண்ணி

என் அத்தான் முகம் வரையறவர். நான் அந்த முகத்துக்குச் சட்டம் அடிக்கிறவன். நடுவுல நின்னு வர்ணம் கலக்குறது என் அக்கா. ஒரே வீடு, கீழே பட்டறை, மேலே குடித்தனம். படம் வாங்க வர்றவங்க "மூணு பேரும் ஒரே குடும்பமா?"ன்னு கேப்பாங்க. நாங்க போடுற சண்டையிலேயே தெரிஞ்சிருக்கணும்.

முன்னாடி அத்தான் எண்ணெய் வர்ணத்துலதான் வரைஞ்சிட்டிருந்தார். அந்த வாடை அக்காவுக்கு ஒத்துக்கல, மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. அதனால தண்ணியில கரையுற அக்ரிலிக் வர்ணத்துக்கு மாறினார். அக்ரிலிக்ல வாடை கிடையாது, ஆனா பொறுமையும் கிடையாது. தட்டுல வச்சிட்டு ஒரு தும்மல் போட்டுத் திரும்பினா மேல தோல் கட்டியிருக்கும். முகம் வரையறவங்களுக்கு அது பெரிய தலைவலி. கன்னத்துல வெளிச்சம் எங்க முடியுது, நிழல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம இழைக்கணும்னா ரெண்டு வர்ணமும் ஈரமா இருக்கணும். ஒண்ணு காஞ்சிட்டா நடுவுல கோடு விழுந்துடும். அப்புறம் அது கன்னமா இருக்காது, ஒட்டுப்போட்ட துணியா இருக்கும்.

அத்தான் அதைப் பந்தயமா எடுத்துக்கிட்டார். "காயறதுக்குள்ள கன்னம்"னு முணுமுணுத்துக்கிட்டே விறுவிறுன்னு முடிச்சிடுவார். ஜன்னலைச் சாத்துறது, ஃபேனை நிறுத்துறது, தட்டுக்கு அடியில ஈர ஸ்பாஞ்ச் வைக்கிறது, மேல லேசா தண்ணி தெளிக்கிறது எல்லாம் அக்கா பொறுப்பு. பக்கத்து ரூம்ல வேர்த்துக் கொட்ட உக்காந்திருக்கிற நான் "கொஞ்ச நேரம் ஃபேன் போடலாமா?"ன்னு கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து முறைப்பாங்க. அந்த ஒரு விஷயத்துல மட்டும் அவங்களுக்குள்ள அப்படி ஒரு ஒத்துமை.

அப்படி இருந்த மனுஷனுக்குச் சட்டை பொத்தான் போடவே நேரம் பிடிக்க ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமா தட்டச் சொன்னார், நடந்து காட்டச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "நடுக்கம் அவ்வளவா இல்ல. உங்களுக்கு மெதுவாகுறதுதான் வியாதி. அதுல ஒரு கஷ்டம் என்னன்னா, மெதுவாகுறது உங்களுக்கே தெரியாது. மாத்திரையை வேளை தவறாம சாப்பிடுங்க. இன்னும் ரொம்ப வருஷம் வரையலாம்."

அத்தான் நேரா கடைக்குப் போய் மெதுவா காயுற அக்ரிலிக்னு தனியா விக்கிற டியூபை வாங்கிட்டு வந்தார். கூட ஒரு சின்ன பாட்டிலைக் கடைக்காரரே சேர்த்துக் கொடுத்திருந்தார். அது ரிடார்டர். வர்ணத்துல துளி கலந்தா காயுறது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். அளவு மீறினா காயவே காயாது, ஜென்மத்துக்கும் பிசுபிசுன்னே கிடக்கும்னு பாட்டில் மேலேயே போட்டிருந்துச்சு. நான் அதுக்குச் சோம்பேறித் தண்ணின்னு பேர் வச்சேன். பேர் நிலைச்சிடுச்சு.

"சோம்பேறித் தண்ணி எல்லாம் எனக்கு வேணாம், டியூப் மட்டும் போதும்"னார் அத்தான். "டாக்டர் விரலைத் தட்டச் சொல்லிப் பார்க்கட்டும். எனக்கு என் கன்னம் சொல்லும். இந்தப் பெயிண்ட் இந்த ரூம்ல எவ்வளவு நேரம் ஈரமா இருக்கும்னு தட்டுல வச்சுப் பார்த்துட்டேன். அதுக்குள்ள கன்னம் முடிஞ்சா கை நல்லா இருக்கு. முடியலையா, கதை முடிஞ்சுது. அப்புறம் பிரஷைத் தொட மாட்டேன்."

சொன்னா சொன்னதுதான், அப்படி ஒரு பிடிவாதம். பட்டறையில கடிகாரமும் கிடையாது. வரையறப்போ மணி பார்க்கிறவன் கூலிக்காரன்னு சொல்லி எப்பவோ கழட்டி என் ரூம்ல மாட்டிட்டார். நான் கூலிக்காரனாம்.

முதல் படத்துல கன்னம் முடியல. பாதியில பிரஷ் இழுபட்டுச்சு, கோடு விழுந்துச்சு. அத்தான் அன்னைக்குச் சாப்பிடல. சுவரைப் பார்த்து உக்காந்திருந்தார். படுக்கப் போறப்போ, "நாளைக்குக் கடைசியா ஒரு தடவை பார்ப்பேன், அதோட சரி"ன்னார். மறுநாள் காலையில நான் உள்ளே போனா, அக்கா தட்டுல தோல் நிறத்தைக் கலந்து, அதுல சோம்பேறித் தண்ணியை ஸ்பூன்ல அளந்து ஊத்திட்டிருக்கா.

"என்னக்கா பண்ற?"

"கத்தாத. அவர் படியில வர்றார்."

"அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாம பார்த்துக்கறேன். நீ வாயில ஆணியை வச்சுக்கிட்டுப் போய் உன் வேலையைப் பாரு."

அன்னைக்குக் கன்னம் முடிஞ்சுது. கடைசி இழைப்பு வரைக்கும் வர்ணம் வெண்ணெயா வழுக்கிக்கிட்டு நின்னுச்சு. அத்தான் சீட்டி அடிச்சுக்கிட்டே மாடி ஏறினார், ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், என்னைக் கிண்டல் பண்ணினார். அக்கா அவரையே பார்த்துட்டிருந்தா. கல்யாணமான புதுசுல கூட அவ முகத்துல அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்ல. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது? வாயில ஆணியை வச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் வந்த படம் எல்லாத்துக்கும் அதே கதைதான். கன்னம் முடியும், சீட்டி கேட்கும். "டாக்டர் சும்மா பயமுறுத்திட்டார் மாப்ள"ன்னு என் முதுகுல தட்டுவார். தட்டுற கை முன்ன மாதிரி விழல. படி இறங்க அதிக நேரம் எடுத்துக்கிட்டார். கேட்டா படி மேல பழி போட்டார், "யாருய்யா இதைக் கட்டினது, ஒண்ணு உசரம் ஒண்ணு பள்ளம்." பக்கத்து ரூம் கடிகாரம் எனக்கு உண்மையைச் சொல்லிட்டுதான் இருந்துச்சு. முன்னாடி நான் ஒரு சட்டம் அடிக்கிற நேரத்துல முடியுற கன்னத்துக்கு இப்போ நான் சட்டத்தை அடிச்சு, தேய்ச்சு, வார்னிஷும் போட்டுட்டு உக்காந்திருந்தேன். மூணு வேளையும் அக்கா மாத்திரையை எடுத்து உள்ளங்கையில வைப்பா, அவர் வாயில போட்டுக்கிட்டு "வேலை இருக்கு"ன்னு கீழே இறங்கிடுவார். மாத்திரை சாப்பிட்டும் ஏன் இப்படி இறங்குதுன்னு அக்கா கவலைப்பட்டா. கவலைப்பட்டு இன்னும் கொஞ்சம் ஊத்தினா.

அந்த நேரத்துலதான் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்து வந்தாங்க. அவங்க தலைமை டீச்சர் ரிட்டயர் ஆகுறாங்க, ஆளுயரத்துல படம் வேணும், மண்டபத்துல மாட்டணும்னு. டீச்சரம்மாவுக்கு நல்ல அகலமான முகம், பெரிய கன்னம். அத்தானுக்கு ஒரே குஷி. மழைக்காலம் வேற. நாள் கணக்கா இழைச்சு இழைச்சு வரைஞ்சார். முடிஞ்சப்போ நான் சட்டம் மாட்டினேன். ஓரத்துல இருந்த இருட்டுப் பகுதியைத் தொட்டுப் பார்த்தேன், காஞ்சிருந்துச்சு. முகத்தைத் தொடல. முகத்துல விரல் வைக்கக் கூடாதுங்கிறது எங்க பட்டறைச் சட்டம்.

விழாவுக்கு முந்தின நாளே படத்தை மண்டபத்துல மாட்டி, மேல பட்டுத்துணி போர்த்தியாச்சு. மறுநாள் கூட்டம். நாங்க மூணு பேரும் முதல் வரிசையில. சிறப்பு விருந்தினர் மேடையேறி, சிரிச்சுக்கிட்டே கயிறை இழுத்தார். துணி கீழேயிருந்து தோள் வரைக்கும் ஏறி நின்னுடுச்சு. மறுபடி இழுத்தார். வரல. பெரிய மனுஷன், விட்டுக் கொடுப்பாரா? ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே இழுப்பு.

துணியோட டீச்சரம்மா மூக்கும் ஒரு கன்னமும் வந்துடுச்சு.

பிள்ளைங்க சிரிச்சாங்க. பிள்ளைங்கன்னா சிரிக்கத்தான் செய்யும். டீச்சரம்மா எழுந்து மைக்கைப் பிடிச்சு, "பரவாயில்ல, மூக்கும் முழியுமா நான் நேர்லயே நிக்கிறேன், பார்த்துக்கோங்க"ன்னாங்க. மொத்த மண்டபமும் கை தட்டுச்சு. அத்தான் கை தட்டல. அக்கா தலையைத் தூக்கல.

படத்தை வண்டியில போட்டுப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். அத்தான் அதை நிறுத்தி வச்சு, மிச்சமிருந்த கன்னத்துல கட்டைவிரலை அழுத்தினார். எடுத்தப்போ ரேகை பதிஞ்சிருந்துச்சு.

"மழைக்காலம்ல அத்தான், ஈரம்..."னு நான் இழுத்தேன்.

"நீ சும்மா இரு மாப்ள." திரும்பி அக்காவைப் பார்த்தார். "ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"இதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்தாங்க. அன்னைக்கு நீங்க சுவரைப் பார்த்து உக்காந்திருந்தீங்களே, அதுக்கு மறுநாள்ல இருந்து."

நான் பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். எந்த ஜாமானை யார் மேல எறிவாங்கன்னு கூட மனசுல கணக்குப் போட்டு வச்சேன். அத்தான் ஸ்டூல்ல உக்காந்துட்டார்.

"அப்போ நான் முடிச்ச கன்னம் எல்லாம்?"

"நீங்கதான் முடிச்சீங்க. நான் நேரம் மட்டும்தான் குடுத்தேன். பிரஷைத் தொட மாட்டேன்னு சொல்லிட்டீங்களே. அதைத் தொடாம நீங்க எப்படிங்க இருப்பீங்க?"

அவர் கட்டைவிரல்ல ஒட்டியிருந்த வர்ணத்தை வேட்டியில துடைச்சார். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னார்: "நான் மாத்திரையை நிறுத்திட்டேன்."

"என்னது?"

"சாப்பிட்டா குமட்டுது. தலை சுத்துது. கன்னம்தான் காயறதுக்குள்ள முடியுதே, நமக்கு ஒண்ணுமில்ல, பின்ன எதுக்கு இந்தக் கண்றாவின்னு... நீ குடுக்கிறதை வாயில அதக்கிக்கிட்டு கீழே வந்து பிரஷ் கழுவுற டப்பாவுல துப்பிடுவேன்."

அந்த டப்பாவைத் தினமும் கொண்டு போய்க் கொட்டுறது அக்காதான். கலங்கின தண்ணியில அவளுக்கு என்ன தெரியும்?

எனக்கு அப்போதான் விஷயம் முழுசா உறைச்சுது. இவர் மாத்திரையை நிறுத்த, கை மெதுவாச்சு. கை மெதுவாக, அவ தண்ணியை ஏத்தினா. தண்ணி ஏற, இவர் கை நல்லாத்தான் இருக்குன்னு நிம்மதியா மறுநாள் மாத்திரையையும் துப்பினார். எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "அறிவுன்னு ஒண்ணு இருக்கா ரெண்டு பேருக்கும்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடுமா?"ன்னு கத்தினேன். தண்ணி ஊத்தினது எனக்கும் தெரியும்ங்கிறதை வசதியா விட்டுட்டுக் கத்தினேன்.

அக்கா தரையில உக்காந்துட்டா. "நான் ஊத்தாம இருந்திருந்தா நீங்க நிறுத்தியிருக்க மாட்டீங்கள்ல?"ன்னு கேட்டா. எப்படியும் நிறுத்தியிருப்பேன்னு அத்தான் சொல்லியிருக்கலாம். சொல்லல.

மறுநாள் டாக்டர்கிட்ட போனோம். மறுபடியும் விரல் தட்டல், நடை. இந்தத் தடவை விரல் ரெண்டு தட்டுக்கு மேல நின்னு நின்னு போச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். திட்டுவார்னு பார்த்தேன், அந்த ஆள் திட்டல.

"மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம். குமட்டலுக்கு வேற வழி பண்றேன்"னார். "எவ்வளவு திரும்பி வரும்னு இப்போ சொல்ல முடியாது. மாத்திரை இல்லாததால இறங்கினது எவ்வளவு, வியாதியே வளர்ந்து இறங்கினது எவ்வளவுன்னு தெரியணும். திடீர்னு மோசமாச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா? எப்போ எவ்வளவு?"

"எனக்குத் தெரியல டாக்டர்"னார் அத்தான். "எனக்கு எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்"னா அக்கா. "முதல்ல தட்டுக்கு அரை ஸ்பூன்."

டாக்டருக்குப் புரியல. நான் சோம்பேறித் தண்ணி என்னன்னு விளக்கினேன். காயுறதைத் தள்ளிப்போடுறது, இவர் கை எவ்வளவு மெதுவோ அவ்வளவு ஊத்தணும்னேன். டாக்டர் பேனாவை எடுத்தார். "சொல்லுங்கம்மா."

"அரை ஸ்பூன்லயே ரொம்ப நாள் நின்னுச்சு. அப்போ மாத்திரை உள்ளே போயிட்டிருந்துச்சுன்னு நினைக்கிறேன்." அக்கா மடியில இருந்த பையைப் பார்த்துக்கிட்டே பேசினா. "அப்புறம் திடீர்னு ஒரு ஸ்பூன். கல்யாண ஜோடி ஒண்ணு வரைஞ்சாரு, அந்த வாரம். அதுக்கப்புறம் ஒண்ணரை. மழை ஆரம்பிச்சதும் குறைக்கலாம்னு பார்த்தேன். மழைக்கு வர்ணம் தானா மெதுவாத்தான் காயும். குறைச்சேன், பத்தல. பிரஷ் இழுபடப் போற நேரத்துல ஓடிப்போய்த் தண்ணி தெளிச்சேன். மறுநாள் ரெண்டு. டீச்சரம்மா படத்துக்கு நெத்திக்கு ரெண்டு ஊத்தினேன். கன்னத்துக்கு..."

நிறுத்தினா. டாக்டர் தலையைத் தூக்காம காத்திருந்தார்.

"கன்னத்துக்கு மூணு."

பேனா நின்னுச்சு. அத்தான் நாற்காலியோட திரும்பி அக்காவைப் பார்த்தார். திரும்பி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிச்சுது.

"மூணா?"ன்னார்.

"மூணுங்க"ன்னா அக்கா.